சதுர அடிக்கு இவ்வளவு: ஒரு பக்க ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தேன்

வீடு கட்டும் ஒப்பந்தத்தை யாரும் படிப்பதற்காக எழுதுவதில்லை, கையெழுத்துப் போடுவதற்காகத்தான் எழுதுகிறார்கள். போட்டு முடித்ததும் ஒரு பிரதி ஓனர் பீரோவுக்குப் போகும், இன்னொன்று மேஸ்திரி வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகப்படும். தகராறு வந்த பிறகுதான் இரண்டு பேரும் முதல்முறையாக அதை எடுத்துப் படிப்பார்கள். அப்போதுதான் அதில் என்னவெல்லாம் இல்லை என்று தெரியவரும்.

குயிலாப்பாளையம் பக்கம் கட்டட வேலை செய்யும் சிலரிடம் கேட்டு, பெயரை மறைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட தாள்கள் பத்துப் பன்னிரண்டு வாங்கிப் படித்தேன். ஊர் தெரியாதவர்களுக்கு: விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், ஆரோவில்லுக்கு ஒட்டின கிராமம். 1968-இல் ஆரோவில் தொடங்கினதிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் கட்டட வேலை நின்றதே இல்லை என்று சொல்லலாம். சித்தாளாக உள்ளே போனவர் கொத்தனாராகி, கொத்தனார் மேஸ்திரியாகி, மேஸ்திரி இன்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு 'பில்டிங் கான்ட்ராக்டர்' ஆகியிருக்கிறார். கெஸ்ட் ஹவுஸ், கடை, வாடகை வீடு என்று ஊருக்குள்ளேயும் வேலை இருக்கிறது. கைத்திறனில் இவர்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆனால் இவர்கள் கையெழுத்துப் போடுகிற தாள் இருக்கிறதே, அது இவர்கள் கட்டுகிற சுவருக்குக் கொஞ்சமும் பொருந்தாதது. அந்தத் தாளை ஒரு எழுத்தாக எடுத்துக்கொண்டு விமர்சிக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அதன் தமிழ். "நாளது தேதியில் நாம் இருவரும் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொண்ட" என்று ஆரம்பிக்கிறது. கொஞ்ச தூரம் போனால் "மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை" என்று ஒரு வரி. கட்டட ஒப்பந்தத்தில் வில்லங்கம் எங்கிருந்து வந்தது? பத்திரம் எழுதுகிறவரிடம் இருப்பது நிலம் விற்கும் கிரய அக்ரிமென்ட் மாதிரி மட்டும்தான். அதிலேயே பெயரை மாற்றி, "கிரயத்தொகை" என்ற இடத்தில் "கட்டுமானத்தொகை" என்று போட்டுக் கொடுத்துவிடுகிறார். நிலம் விற்பது ஒரே நாளில் முடிகிற காரியம். பணம் ஒரு பக்கம், பத்திரம் ஒரு பக்கம். வீடு கட்டுவது எட்டு மாதம், பத்து மாதம் நடக்கிற உறவு. அந்த எட்டு மாதத்தில் மாறுகிறவை எதற்கும் கிரயப் பத்திரத் தமிழில் சொல்லே கிடையாது.

முத்திரைத்தாள் பற்றி ஒரு வார்த்தை. இன்னமும் எல்லாரும் "20 ரூபாய் பத்திரம்" என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2024 மே மாதத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை 200 ரூபாய். குறைவான தாளில் எழுதினால் ஒப்பந்தமே செல்லாது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. விடுபட்ட தீர்வையையும் அபராதத்தையும் கட்டினால் கோர்ட்டு அதை ஆவணமாக ஏற்கும். அபராதம் பத்து மடங்கு வரை போகலாம் என்பது வேறு விஷயம்.

சரி, தாளின் நடுப்பகுதிக்கு வருவோம். அங்கேதான் உயிர் இருக்கிறது: "சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய் வீதம்." எந்தச் சதுர அடி? இதை ஒரு தாள்கூடச் சொல்லவில்லை. சுவரோடு சேர்த்த பிளின்த் ஏரியாவா, உள்ளே நடக்கிற கார்பெட் ஏரியாவா? சிட்-அவுட் முழுசா பாதியா? மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், மாடிப்படி மேல் வருகிற ஹெட்ரூம், சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் ரேட்டுக்குள்ளேயா வெளியேயா? பரப்பளவை எப்படி அளப்பது என்பதற்கு ஐ.எஸ். 3861 என்று இந்தியத் தரநிலை இருக்கிறது. வேலை வாரியாக அளக்க ஐ.எஸ். 1200 இருக்கிறது. பூச்சு வேலையில் ஜன்னல் கதவு இடத்தைக் கழிப்பதா என்று ஊர் ஊராகச் சண்டை நடக்கிறதே, அதற்குக்கூட அதில் விடை உண்டு: அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்பைக் கழிக்க வேண்டாம், அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். "அளவு ஐ.எஸ். 1200 படி" என்று மூன்றே சொல் தாளில் சேர்த்திருந்தால் ஒரு சண்டை குறைந்திருக்கும்.

இந்த ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. சதுர அடி ரேட் என்பது பெட்டி மாதிரியான வீட்டுக்குப் பிறந்த கணக்கு. செங்கல், சிமென்ட் பூச்சு, தட்டையான தளம். ஆரோவில் பக்கத்தில் கட்டுவது அதுவா? அழுத்திய மண் கல்லில் சுவர், பூசாத செங்கல், வளைவு, வால்ட், குவிமாடம், ஆக்ஸைடு தரை. "பூச்சே இல்லையே மேஸ்திரி, ரேட்டைக் கொறச்சுக்கக் கூடாதா?" என்று ஓனர் கேட்பார். பூசாத சுவரில்தான் கொத்தனாருக்கு நேரம் அதிகம். ஒவ்வொரு கல்லும் வெளியே தெரியும். பிசகினால் மறைக்கப் பூச்சு கிடையாது. ஜாயின்ட் ஒவ்வொன்றையும் கீறித் துடைக்க வேண்டும். வால்ட் எழுப்புவதும் அப்படித்தான். கம்பியும் கான்கிரீட்டும் குறைகிறது என்று பொருள் செலவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம், ஆனால் அந்த மிச்சம் மேஸ்திரியின் ஆள்கூலியிலிருந்து வருகிறது. சதுர அடி கணக்கில் அந்த உழைப்பு காணாமல் போகிறது. மண் கட்டடத்தைப் பற்றி எத்தனையோ புகழ்ச்சிக் கட்டுரை படித்திருக்கிறேன். இந்தக் கூலிக் கணக்கைப் பற்றி ஒன்றையும் படித்ததில்லை.

அடுத்தது, தாள் முழுக்க வாய் திறக்காத விஷயம்: எக்ஸ்ட்ரா வேலை. வேலை பாதியில் ஓனர் வருவார். "அந்த பால்கனியையும் இழுத்து விட்ருங்க மேஸ்திரி, நான் பாத்துக்கறேன்." மேஸ்திரியும் "சரிங்க சார்" என்பார். கடைசி பில்லில் பால்கனிக்குத் தனியாகக் கேட்டால், "அது அக்ரிமென்ட்ல எங்க இருக்கு?" இந்த இடத்தில் மேஸ்திரி பெரும்பாலும் தோற்றுப்போய் வந்துவிடுகிறார். எழுத்தில் இல்லாததைக் கேட்க முடியாது என்று அவரும் நம்புகிறார்.

நம்ப வேண்டியதில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 70-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்காகச் சட்டப்படியான ஒரு வேலையைச் செய்கிறார். இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லை. மற்றவர் அதன் பலனை அனுபவிக்கிறார். இந்த மூன்றும் இருந்தால், அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும். இதை உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசின வழக்கே ஒரு கட்டட கான்ட்ராக்டருடையதுதான். மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனத்துக்கும் நடந்தது. 1944-இல், யுத்த காலத்தில், சிவில் சப்ளைஸ் துறைக்காக மண் சாலை, காவலர் அறை, சமையலறை, சேமிப்புக் கொட்டகை எல்லாம் கட்டிக் கொடுத்தார்கள். அதிகாரிகள் சொன்னார்கள், இவர்கள் கட்டினார்கள். அரசு ஒப்பந்தம் என்றால் கவர்னர் பெயரில் முறைப்படி எழுத வேண்டும், அது நடக்கவில்லை. பில் ஏறத்தாழ 19,000 ரூபாய். "முறையான ஒப்பந்தமே இல்லையே, ஏன் கொடுக்கணும்?" என்றது அரசு. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கஜேந்திரகட்கர். ஒப்பந்தம் செல்லாது என்பது உண்மைதான், ஆனால் கட்டினதை எடுத்துக்கொண்டு பயன்படுத்தின பிறகு கொடுக்கத்தான் வேண்டும் என்றது கோர்ட்டு. வேண்டாம் என்றால் ஆரம்பத்திலேயே மறுத்திருக்கலாம். பதினேழு வருஷம் கழித்து, 1961 டிசம்பரில் வந்த தீர்ப்பு. அந்தப் பதினேழு வருஷத்தையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

குயிலாப்பாளையத்து பால்கனி அந்தச் சமையலறைக்குத் தம்பி. ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. சிமென்ட் விலை ஏறிவிட்டது, கம்பி விலை ஏறிவிட்டது, அதனால் ஒத்துக்கொண்ட வேலைக்கே கூடுதலாகக் கொடு என்று இந்த வழியில் கேட்க முடியாது. இராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த அலோபி பர்ஷாத் நிறுவனத்தின் வழக்கில் 1960-இலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். யுத்தம் வந்து செலவு ஏறினாலும் பேசின விலை பேசின விலைதான். ஆக, புது வேலைக்குச் சட்டம் துணை வரும், விலையேற்றத்துக்கு வராது. விலையேற்றத்துக்குத் தாளில் ஒரு வரி வேண்டும். நான் படித்த எதிலும் அந்த வரி இல்லை.

தாமதத்துக்கு மட்டும் வரி இருக்கிறது. "மேற்படி காலத்துக்குள் முடிக்கத் தவறினால் நாளொன்றுக்கு இவ்வளவு பிடித்தம்." ஓனர் டைல்ஸ் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டால்? அடுத்த தவணைப் பணம் தளம் போட்ட பிறகும் வரவில்லை என்றால்? மௌனம். சட்டம் இங்கேயும் தாளைவிட நியாயமாக இருக்கிறது. 55-ஆவது பிரிவுப்படி, தாமதமான வேலையை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கிற அந்த நேரத்திலேயே 'நஷ்டம் கேட்பேன்' என்று அறிவிக்காமல் பின்னால் கேட்க முடியாது. 74-ஆவது பிரிவில், எழுதின தொகை ஒரு உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும். உண்மையில் நஷ்டமே இல்லாத இடத்தில் அபராதத் தொகையை அப்படியே சுருட்டிக்கொள்ள முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியாது. ஓனருக்கும் தெரியாது. அதனால் பிடித்தம் பிடிக்கப்படுகிறது.

சின்னத் தாளையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெரிய தாள் யோக்கியமா என்று கேட்பீர்கள். அரசு டெண்டர் ஆவணங்கள் நூற்றுக்கணக்கான பக்கம். அங்கே எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் ஒரே கையால். என் வாசிப்பில் எந்த ஒப்பந்தமும் அதை எழுதினவரின் பயங்களின் பட்டியல். டெண்டர் ஆவணத்தில் துறையின் பயம் எல்லாம் வரிசையாக இருக்கும்: கான்ட்ராக்டர் ஓடிவிடுவார், தரம் குறைப்பார், தாமதிப்பார். கான்ட்ராக்டரின் பயம், அதாவது சைட்டை ஒப்படைக்க மாட்டார்கள், வரைபடம் தரமாட்டார்கள், பில் பாஸ் ஆகாது என்பதெல்லாம், "இழப்பீடு கோர உரிமையில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்.

சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்பதில்தான் இது உச்சத்துக்குப் போகும். அதே துறையின் கண்காணிப்புப் பொறியாளரே நடுவர்! தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இதில் பிரபலம். போக்குவரத்துத் துறைச் செயலர், மெட்ராஸ், எதிர் முனுசாமி முதலியார், 1988. துறை அதிகாரியே நடுவராக இருந்தால் பாரபட்சம் இருக்காதா என்று கான்ட்ராக்டர் தரப்பு கேட்டது. தெரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள், அவர் அரசு ஊழியர் என்பதாலேயே பாரபட்சம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றது உச்ச நீதிமன்றம். தர்க்கமாகப் பார்த்தால் சரி மாதிரி இருக்கும். ஆனால் "தெரிந்துதானே போட்டீர்கள்" என்பது, பேரம் பேச இடமே இல்லாத தாளுக்கு எப்படிப் பொருந்தும்? டெண்டர் ஆவணத்தில் ஒரு ஷரத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் டெண்டரே தள்ளுபடி. சம்மதம் என்ற சொல்லை இங்கே இவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டது அந்தத் தீர்ப்பின் பலவீனம் என்றே எனக்குப் படுகிறது. நிலைமை மாற முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 2015-இல் சட்டத் திருத்தம்; 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கு; 2024 நவம்பர் 8-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு ஒப்பந்தங்களில் ஒரு தரப்பே நடுவரை நியமிக்கிற ஷரத்து அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவுக்கு எதிரானது என்றது. நல்லதுதான். ஆனால் அதே 2024 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம், அரசு கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பு ஷரத்தையே வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், சேர்த்தாலும் 10 கோடிக்குக் குறைவான தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது.

மறுபடி நம்ம ஊர் தாளுக்கு. அதில் ஒரு இடத்தில் "லேபர் மட்டும்" அல்லது "மெட்டீரியலோடு" என்று இருக்கும். சில தாள்களில் பேனாவால் ஒன்றை அடித்திருக்கும். தாளிலேயே அதிகப் பணம் தொங்குகிற இடம் இதுதான், யாரும் கவனிப்பதில்லை. இதன் வரலாறு மெட்ராஸில் தொடங்குகிறது. வீடு கட்டிக் கொடுக்கிறவர் எதை விற்கிறார்? செங்கல்லையும் சிமென்டையும் விற்கிறாரா, வேலையை விற்கிறாரா? 1947-இல் மெட்ராஸ் விற்பனை வரிச் சட்டத்தைத் திருத்தி, கட்டட ஒப்பந்தத்தில் உள்ள பொருளுக்கும் விற்பனை வரி போட்டார்கள். கேனன் டங்கர்லி என்ற கம்பெனி எதிர்த்துப் போனது. 1958-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் டி.எல். வெங்கடராம அய்யர். (முத்துசாமி தீட்சிதர் கிருதிகளில் பெரிய வித்வான், சங்கீத கலாநிதி. அதே ஆள்தான்.) கட்டட ஒப்பந்தம் பிரிக்க முடியாத முழுமை, அதற்குள் செங்கல் விற்பனை என்று தனியாக ஒன்று கிடையாது, செங்கல் சுவரோடு சேரும்போது நிலத்தோடு சேர்ந்து உரிமை மாறுகிறது என்றார். எனக்குப் பிடித்த தீர்ப்பு. சுவரைப் பார்த்து எது கல், எது கை என்று பிரிக்க முடியுமா? ஆனால் அரசாங்கம் விடவில்லை. 1982-இல் 46-ஆவது சாசனத் திருத்தம் வந்தது, ஒப்பந்தத்தை வரிக்காகப் பிரித்தார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் மறுபடி ஒரே 'சேவை' ஆனது, பொதுவாக 18 சதவீதம்.

இங்கேதான் பேனாவால் அடித்த அந்தச் சொல் வேலை செய்கிறது. தனி வீடு ஒன்றைப் புதிதாகக் கட்ட வெறும் லேபர் ஒப்பந்தம் என்றால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அதே வீட்டை மெட்டீரியலோடு எடுத்தால் விலக்கு இல்லை. இரண்டு வீடு எடுத்தாலே வருஷத்து வரவு 20 லட்சத்தைத் தாண்டிவிடும், பதிவு செய்தாக வேண்டும். கெஸ்ட் ஹவுஸ் என்றால் அது குடியிருப்பு வீடு என்ற விலக்குக்குள் வருவதே சிரமம். தாளில் "வரி உட்பட" என்றோ "வரி தனி" என்றோ ஒரு சொல் இருக்காது. மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் வந்தால் அந்த 18 சதவீதம் மேஸ்திரி கையிலிருந்து போகும். இந்த வேலையில் பலருக்கு லாபமே அவ்வளவு நிற்காது.

"எல்லாத்தையும் எழுதி வாங்கிக்கோங்க" என்று வக்கீல்கள் சொல்லும் அறிவுரை எனக்கு அரைகுறையாகவே படுகிறது. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். பால்கனிக்குத் தனித்தாள் நீட்டுகிற மேஸ்திரியை ஓனர் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார், பக்கத்துத் தெரு மேஸ்திரியைக் கூப்பிடுவார். நடக்கக்கூடியது என்னவென்றால், அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "சார், நீங்க சொன்னபடி பால்கனி சேர்த்துப் போடுறோம், தனி ரேட்." ஓனர் ஒரு "ஓகே" போட்டால் போதும். அந்த ஃபோனைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். மின்னணுச் சாட்சியத்துக்கு 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் சான்றிதழ் கேட்பார்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். பணம் கொடுக்கத் தேதி குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். "தீபாவளிக்கு வாங்க", "பொங்கலுக்குப் பாப்போம்" என்று மூன்று தீபாவளியை ஓட்டிவிட்டால் கதை முடிந்தது. நடுவில் ஓனர் ஜிபேயில் ஐயாயிரம் அனுப்பினால் காலம் புதிதாக ஆரம்பிக்கும் என்று சொல்கிறார்கள். சட்டம் அதற்குப் பணம் கொடுத்தவரின் கையெழுத்தோ கைப்பட எழுதினதோ கேட்கிறது. ஐயாயிரத்தை வாங்கும்போதே கணக்கு நோட்டில் "பாக்கி இவ்வளவு" என்று எழுதி ஒரு கையெழுத்து வாங்குவது உத்தமம். கோர்ட்டுக் கட்டணம் தமிழ்நாட்டில் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. நாலு லட்சம் பாக்கிக்கு 12,000 ரூபாய். முன்பு 30,000.

எந்தக் கோர்ட்டு என்பது இந்த ஊரில் நிஜமான கேள்வி. சில கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. ஆள் இங்கே, வேலை அங்கே, ஓனர் இன்னொரு இடத்தில். அப்பீல் இரண்டுக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான் என்றாலும் முதல் வழக்கை எங்கே போடுவது? எதிராளி இருக்கிற இடத்தில் போடலாம், அல்லது வழக்கின் காரணம் ஒரு பகுதியாவது எழுந்த இடத்தில் போடலாம். ஒப்பந்தம் கையெழுத்தான இடமும் அதில் சேரும். கிரயப் பத்திரத்திலிருந்து காப்பியடித்த அந்தத் தாளின் முதல் வரியில், மற்ற எல்லாம் அர்த்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்க, "குயிலாப்பாளையம் கிராமத்தில் வைத்து எழுதிக்கொண்டது" என்ற நாலு சொல் இருக்கிறது. புதுச்சேரி ஓனர் மீது வானூர் கோர்ட்டில் வழக்குப் போட மேஸ்திரிக்கு இருக்கிற பிடி அதுதான். பத்திரம் எழுதினவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.